வந்தவர்களே வரவேண்டியவர்களா?

மேடையை எடுத்துவிட்டால் அவையில் எல்லோரும் சமமாகிவிடுவார்கள் என்பது பெங்களூருத் தொழில்நுட்ப உலகம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பேணிவரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பெயர் அன்கான்ஃபரன்ஸ். தமிழில் மாநாடல்லா மாநாடு எனலாம். தயாரிப்பு மேலாளர்களும் சந்தைப்படுத்தல் துறையினரும் கூடும் புராடக்ட் கேம்ப் அதன் ஒரு கிளை. அங்கே அழைப்புப் பெற்ற பேச்சாளரும் இல்லை, அச்சிட்ட நிகழ்ச்சிநிரலும் இல்லை. காலையில் வருகிறவர்கள் தாம் பேச விரும்பும் பொருளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். ஓரிரு நிமிடங்களில் அதை அவைக்கு எடுத்துரைப்பார்கள். பெரும்பாலும் வாக்களிப்பின் மூலம், ஆதரவு மிகுந்த தலைப்புகளுக்கு அறையும் நேரமும் ஒதுக்கப்படும். பார்வையாளர் என்று எவரும் இல்லை, எல்லோரும் பங்கேற்பாளரே என்பது முழக்கம்.

இதன் வரலாறு சுவையானது. ஹாரிசன் ஓவன் என்பவர் எண்பதுகளில் ஒரு பெரிய மாநாட்டை அரும்பாடுபட்டு நடத்தினார். வந்தவர்களோ தேநீர் இடைவேளைதான் பயனுள்ளதாக இருந்தது என்றார்கள். 1985இல் இடைவேளையையே மாநாடாக்கிப் பார்த்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் ஒரு சிற்றூர், எந்த ஏற்பாட்டுக் குழுவும் இன்றிப் பல நாள் சடங்கு ஒன்றை நடத்தியதைக் கண்டதும் தம் முறைக்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு டிம் ஓரைலியின் பதிப்பகம் 2003 முதல் அழைப்புப் பெற்றவர்களுக்கு மட்டுமான ஃபூ கேம்ப் நடத்தியது. அதற்கு மறுமொழியாக, எவரும் வரலாம் என்று 2005 ஆகஸ்டில் பாலோ ஆல்டோவில் பார்கேம்ப் தோன்றியது. அடுத்த ஆண்டே அது சென்னைக்கும் பெங்களூருவுக்கும் வந்தது. 2008இல் ரிச் மிரோனோவ் முதலியோர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய புராடக்ட் கேம்ப்பும் பின்னர் இந்நகரை அடைந்தது. ஆக, அழைப்பிதழ் மறுக்கப்பட்டவர்களின் கோபத்தில் பிறந்த வடிவம் இது. அந்தக் கோபம் இன்று எங்கே போயிற்று என்பதே கேள்வி.

ஓவன் வகுத்த நெறிகளுள் முதன்மையானது, வந்தவர் எவரோ அவரே வரவேண்டியவர் என்பது. கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று புலம்பாதே, இருப்பவரோடு வேலையைத் தொடங்கு என்ற பொருளில் அது நல்ல அறிவுரை. ஆனால் பல கோடிப் பேர் கையில் வைத்திருக்கும் செயலிகளை உருவாக்குகிறவர்களின் அவையில் அதே நெறி வராதவரை மறக்கும் உரிமமாகிவிடுகிறது.

அடுகோடியை எடுத்துக்கொள்ளலாம். ஒருபுறம் கோரமங்கலாவின் புத்தொழில் நிறுவனங்கள். ஓசூர்ச் சாலையோரம், 1951இல் மைக்கோவாகத் தொடங்கிய பாஷ் நிறுவனத்தின் பெருவளாகம். இடையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே கடை வாசலில் கலந்து ஒலிக்கும் தெருக்கள். பெங்களூரு மாவட்டத்தில் எந்த ஒரு மொழிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. 2011 கணக்கெடுப்பில் கன்னடத்தைத் தாய்மொழி என்றவர்களே பாதிக்கும் குறைவு. அதே கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆங்கிலம் தெரியும் என்றவர்கள், மூன்றாம் மொழியாகக் குறித்தவர்களையும் சேர்த்து, ஏறத்தாழப் பத்தில் ஒருவர். முகாமின் சுவரில் ஒட்டப்படும் தாள்களோ ஆங்கிலம். எடுத்துரைப்பு ஆங்கிலம். கட்டணம் இல்லை, கதவு திறந்திருக்கிறது, காவலர் தடுப்பதில்லை. பயன் இல்லாத இடத்திலிருந்து தன் இரு கால்களால் எழுந்து போகும் உரிமை எவர்க்கும் உண்டு என்று ஓவன் ஒரு விதி வைத்தார். அடுகோடியின் மளிகைக்கடைக்காரர் அந்த விதியை வாசலிலேயே நிறைவேற்றிவிடுகிறார். அதுவும் சனிக்கிழமை, அவருக்கு வியாபாரம் மிகுந்த நாள்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பார்கள். ஒரு சிறு சொல்லைப் பார்க்கலாம். பணம் அனுப்பியதும் செயலி தமிழில் அறிவிக்கிறது: முருகன்க்கு அனுப்பப்பட்டது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் ஓர் இடைச்சொல் நின்றால் போதும், பெயர் உருமாறாது. ஆகவே பெயருக்கு ஒரு வெற்றிடம் விட்டு, முன்னும் பின்னும் சொற்களை நிரப்பிவைப்பது பொறியாளரின் வழக்கம். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் ஈற்றோடு புணரும்: முருகனுக்கு, கீதாவுக்கு, மாலதிக்கு, செல்வத்துக்கு. கன்னடத்திலும் உருபு ஈற்றில்தான் ஏறும். இது மொழிபெயர்ப்பாளரால் தீர்க்கக்கூடிய பிழை அன்று. அவர் கைக்கு வருமுன்பே வாக்கியத்தின் எலும்புக்கூடு ஆங்கிலத்தில் வார்க்கப்பட்டுவிட்டது. வாடிக்கையாளரைத் தேர்வுசெய் என்று ஏவுவதா, தேர்வுசெய்யுங்கள் என்று கேட்பதா என்பதும் இப்படியே. அறுபது வயது மூதாட்டியை நீ என்று விளிக்கும் கடையில் எவரும் இரண்டாம் முறை பொருள் வாங்கமாட்டார்கள். செயலிக்கு மட்டும் அந்த நாகரிகம் தேவையற்றதாகக் கருதப்படுகிறது. இந்தச் சிக்கலை ஒருவர் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும், வளர்ச்சி விகிதம் பற்றிய தலைப்புக்கு எதிரே எத்தனை வாக்கு விழும்?

மாறாக, பணம் வந்ததைத் தமிழிலோ கன்னடத்திலோ உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி இன்று தள்ளுவண்டி வரை பரவியிருக்கிறது. கையில் மாவு ஒட்டியிருக்கும்போது திரையைத் தொட முடியாது, போலிப் படத்தைக் காட்டி ஏமாற்றுவோர் உண்டு என்பவை கடை வாசலில் நின்று பார்த்தால் மட்டுமே தெரிபவை. அடுகோடியிலேயே அதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. இன்று தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக இருக்கும் இடத்துக்கு 1927இல் காந்தி மாடு வளர்ப்புப் பயில மாணவராகப் போனார். தயாரிப்பு மேலாளர்கள் அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டியதில்லை.

மேடை வைத்து, கட்டணம் வாங்கி, நிதி கொடுத்த நிறுவனத்தின் விளம்பரத்தை ஆய்வுரை என்று படிக்கும் மாநாடுகளைவிட இம்முகாம்கள் நூறு மடங்கு நேர்மையானவை. தன் தோல்வியை ஓர் இளம் மேலாளர் பத்துப் பேர் நடுவே ஒளிக்காமல் சொல்லும் இடம் வேறு எங்கும் எளிதில் வாய்க்காது. குறை, அமைப்பே இல்லை என்ற பாவனையில் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்திலேயே ஜோ ஃபிரீமன் பெண்ணியக் குழுக்களை முன்வைத்து இதை எழுதிவிட்டார்: வெளிப்படையான அமைப்பு இல்லாத குழுவில் மறைமுகமான அமைப்பு ஆளும், மறைந்திருப்பதால் அதனிடம் கணக்குக் கேட்க முடியாது. மேடை இருந்த காலத்தில், பேச்சாளர் பட்டியலில் ஏன் இன்னார் இல்லை என்று கேட்க ஒரு குழுவாவது இருந்தது.

இந்தக் குற்றச்சாட்டில் தமிழர்க்கும் பங்குண்டு. முகாமில் தேநீர்க் கோப்பையோடு தமிழில் கதைக்கும் இருவர், அறைக்குள் நுழைந்ததும் ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்குவது அன்றாடக் காட்சி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் மேடையும் அரசும் சடங்குகளும் குறைவின்றி இருந்தன. ஆனாலும் தமிழ் எழுதுகிறவரின் விரல் எந்த விசையைத் தொடவேண்டும் என்ற கேள்வி அங்கே மையத்தில் இருந்தது. தமிழ் 99 விசைப்பலகை அதன் பயன். ஆள்வோர் கூடிய மேடையில் பயனாளரின் விரலுக்குக் கிடைத்த இடம், மேடையே இல்லாத முகாமில் ஏன் கிடைக்கவில்லை?

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. சுவரில் மூன்றில் ஒரு பங்கைக் கன்னடத்துக்கும் தமிழுக்கும் பிற மொழிகளுக்கும், வாக்கெடுப்புக்கு உட்படாமல், ஒதுக்கிவைக்கலாம். நிறுவன வளாகத்தை விட்டு அடுகோடியின் ஒரு திருமண மண்டபத்தில், வியாபாரம் மெலிந்த ஒரு வாரநாளில் கூடலாம். வருகிற கடைக்காரருக்கும் உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கும் அரைநாள் வருமானத்தை ஈடுசெய்யலாம். மதிய உணவுக்கும் பெயர்பொறித்த சட்டைக்கும் நிதி தரும் நிறுவனங்கள் இதற்கும் தரட்டும். முதல் அமர்வை அவர்கள் நடத்தட்டும். மேலாளர்கள் அன்று தரையில் அமர்ந்து குறிப்பெடுத்தால் போதும். மொழி புரியாதவர்க்குப் பக்கத்தில் இருப்பவர் ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லிக்கொடுப்பார்.