கடற்கரையில் ஓடிய கூரையில்லா டிராம்கள்

பழையவற்றை ஒதுக்கினால்தான் முன்னேற்றம் உண்டாகும் என்று பலர் எண்ணுகின்றனர். இக்கருத்து முற்றிலும் சரியன்று என்பதற்கு, இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையிலுள்ள பிளாக்பூல் நகரின் டிராம் வரலாறே தக்க சான்றாகும்.

இந்நகரின் கடற்கரைச் சாலையில் 1885ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. உலகிலேயே தெருவில் ஓடிய முதல் மின்சார டிராம்களுள் இதுவும் ஒன்று. தொடக்கத்தில் தண்டவாளங்களின் நடுவே பள்ளம் அமைத்து, அதன் வழியே மின்சாரம் செலுத்தினர். மணலும் கடல்நீரும் உள்ளே புகுந்து தொல்லை தரவே, 1899இல் மேலே கம்பி கட்டும் முறைக்கு மாறினர்.

ஆண்டு முழுவதும் பஞ்சாலைகளில் உழைத்த தொழிலாளர்கள் விடுமுறையில் குடும்பத்தோடு இங்கே வந்து கடற்காற்று வாங்கினர். இவ்வாறு வருவோர் மகிழ, 1934இல் படகு வடிவில் கூரையில்லாத 12 டிராம்கள் உருவாயின. மரத்தாலான இருக்கைகளில் 56 பேர் அமரலாம். நல்ல வெயில் நாட்களே இவற்றுக்கு ஏற்றவை!

பிற நகரங்கள் பேருந்தை நம்பி டிராமைக் கைவிட்டன. 1962இல் கிளாஸ்கோவிலும் அது நின்றபின், பிரிட்டனின் நகரங்களுள் பிளாக்பூலில் மட்டுமே மின்சார டிராம் எஞ்சியது. 2012இல் அங்கே புதிய டிராம்கள் வந்தன. சக்கர நாற்காலியில் வருவோரும் அவற்றில் எளிதாக ஏறலாம். இம்மாற்றம் மிகவும் தேவையானதே. ஆயினும் பழைய டிராம்களுள் சிலவற்றைப் போற்றிக் காத்து, அதே தண்டவாளத்தில் உலா விட்டனரே, அதுவன்றோ அறிவுடைமை!

2024இன் இறுதியில் அந்த உலா நிறுத்தி வைக்கப்பட்டது. பயணிகளின் பாதுகாப்பே முதன்மையானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், நிறுத்தி வைத்தல் மறத்தலாக மாறிவிடக் கூடாது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் இப்படகு டிராம்களை விரும்பிப் பெற்றுத் தன் தெருக்களில் ஓட்டியது. அயலார் போற்றிய பொருளைப் பிறந்த ஊர் துருப்பிடிக்க விடலாமா?

வீட்டில் பாட்டி இருக்கும்போது கடினமான வேலைகளை அவரிடம் நாம் கொடுப்பதில்லை. அதற்காக அவரை மூலையில் உட்கார வைப்பதும் இல்லை. திருநாளில் முதலிடம் அவருக்கே. உழைத்துத் தேய்ந்த பழம்பொருள்களுக்கும் அத்தகைய இடத்தை அளிப்போம். புதியதை வரவேற்போம், பழையதைப் பேணுவோம். இரண்டுக்கும் ஒரே பாதையில் இடமுண்டு என்பதே நம் துணிபு.