பதினொருவருக்கு வெளியில நிக்கிற வேலை

வியாஸ்காந்த் பற்றி எங்கட பக்கத்தில கதைக்கேக்க ரெண்டு வசனம்தான் வருது. டிவியில தெரிஞ்சால் "எங்கட பெடியன்". தெரியாட்டில் "அவ்வளவுதான், முடிஞ்சுது". ரெண்டுக்கும் நடுவில ஒரு வீரனுக்கு என்ன நடக்குது எண்டு ஆரும் யோசிக்கிறதில்லை. உண்மையான கதை அந்த நடுவிலதான் இருக்கு எண்டது எங்கட எண்ணம்.

விஜயகாந்த் வியாஸ்காந்த் பிறந்தது 2001 டிசம்பர் 5. யாழ். மத்திய கல்லூரியில் படித்த லெக் ஸ்பின்னர். 19ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், 2020 டிசம்பர் 4இல், லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்ராலியன்ஸ் அணிக்காக ஹம்பாந்தோட்டையில் இறங்கினார். அஞ்சலோ மத்யூஸின் விக்கெட்டை எடுத்தார். அண்டைக்கு எங்கட பேஸ்புக் முழுக்க அவற்றை முகம்தான்.

அதுக்குப் பிறகு வந்ததுகளைப் பாருங்கோ. 2023இல் ஐ.பி.எல்.லுக்குப் போனார், ஆனால் ராஜஸ்தான் ரோயல்ஸின்ர வலைப் பந்துவீச்சாளராக. 2024 ஏப்ரலில் வனிந்து ஹசரங்க காயப்பட, அவருக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் இவரை எடுத்தது. மே 8இல் லக்னோவுக்கு எதிராக முதல் ஆட்டம். நாலு ஓவரும் போட்டார், 30 ஓட்டம்கூடக் குடுக்கேல்லை, விக்கெட்டும் கிடைக்கேல்லை. அண்டிரவு ட்ராவிஸ் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் 166 ஓட்ட இலக்கைப் பத்து ஓவருக்குள்ளேயே அடிச்சு முடிச்சதால, அந்த நாலு ஓவரைப் பற்றிக் கதைக்க ஆக்களில்லை. அதே வருசம் ரி20 உலகக் கிண்ணத்துக்கு இலங்கை அணியோட போன மேலதிக வீரர்களில் இவரும் ஒருவர்.

வலைப் பந்துவீச்சாளர், பதில் வீரர், மேலதிக வீரர். மூண்டும் பதினொருவருக்கு வெளியில நிக்கிற வேலை. ஸ்கோர் அட்டையில பெயர் வராது. ஆனால் எப்ப கூப்பிட்டாலும் இறங்கிறதுக்கு உடம்பும் கையும் ரெடியா இருக்க வேணும். இதைத் தோல்வி எண்டு சொல்லுறவைக்கு விளையாட்டு எப்பிடி நடக்குது எண்டு தெரியாது.

இந்த வேலைக்குத் தனி இடம் வைச்சிருக்கிற விளையாட்டு ஒண்டு அமெரிக்காவில இருக்கு. அமெரிக்கன் புட்போலில் பந்தை உதைக்கிற நேரங்களுக்கு மட்டும் உள்ள வாற ஆக்களை 'ஸ்பெஷல் ரீம்ஸ்' எண்டு சொல்லுவினம். முழு ஆட்டத்திலயும் அவைக்குக் கொஞ்ச நேரம்தான் வேலை. மத்யூ ஸ்லேற்றர் எண்டவரை 2008இல் நியூ இங்லண்ட் பேட்ரியட்ஸ் அணி எடுத்தது. ஆளின்ர பெயருக்கு நேர இருந்தது பந்து பிடிக்கிற இடம், ஆனால் தன்ர முழு ஆட்ட வாழ்க்கையிலும் அவர் பிடிச்ச பாஸ் ஒண்டே ஒண்டுதான். உதைச்ச பந்துக்குப் பின்னால ஓடி எதிராளியை மறிக்கிறதுதான் அவற்றை தொழில். அதை வைச்சே பத்துத்தரம் நட்சத்திர வீரர்களின் புரோ போல் ஆட்டத்துக்குத் தெரிவானார், மூண்டு சூப்பர் போல் வெண்டார்.

அங்க அது நடக்கிறதுக்கு அவற்றை குணம் மட்டும் காரணமில்லை. ஒரு என்.எஃப்.எல். அணியில் 53 பேருக்கு இடம். அதுக்கு வெளியில பயிற்சிக் குழாம் எண்டு இன்னும் 16 பேர், அவைக்கும் கிழமைச் சம்பளம். காத்திருக்கிறதே அங்க ஒரு தொழில்.

இஞ்ச காத்திருக்கிறதுக்கு ஆர் காசு குடுக்கிறது?

ஏ.எல். முடிச்ச ஒரு பெடியனுக்குப் பந்து நல்லாத் திரும்புது எண்டு வையுங்கோ. பெரிய கழகங்கள் கொழும்புப் பக்கம். சுன்னாகத்தில ரயில் ஏறினால் போய்ச்சேர ஏழெட்டு மணித்தியாலம். அங்க அறை வாடகை, சாப்பாடு, சப்பாத்து. கழகம் எடுத்தாலும் முதல் வருசம் வாங்கில இருக்கிறதுதான் கூட. கொழும்புப் பெடியன் வாங்கில இருந்திட்டுப் பின்னேரம் வீட்டை போய்ச் சாப்பிடலாம். எங்கட பெடியனுக்கு அந்த வாங்கு ஒவ்வொரு நாளும் செலவு. இதுக்குள்ள ஆடுகளமும் மாறும். எங்கட பள்ளிக்கூட கிரிக்கெட் வளர்ந்தது மற்றிங் விரிப்பில. அதில பந்து பிடிச்சுத் திரும்பும், எழும்பும். புற்தரையில அந்த உதவி கிடையாது, வேகத்தையும் நீளத்தையும் திரும்பப் பழக வேணும். அதுக்கும் காலம் வேணும்.

"திறமை இருந்தால் எப்பிடியும் வருவான்" எண்டு சொல்லுவினம். வந்தவையைப் பார்த்துச் சொல்லுற கதை அது. வீட்டில காசு முடிஞ்சு ரெண்டாம் வருசம் திரும்பி வந்து கடையில நிக்கிறவனை ஆரும் கணக்கெடுக்கிறதில்லை.

யாழ்ப்பாணத்தின்ர பெயரில இருக்கிற அணி 2020, 2021, 2022, 2024 எண்டு நாலுதரம் லங்கா பிரீமியர் லீக்கை வெண்டிருக்கு. அதில ஒரு ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில நடக்கேல்லை. 2025 செப்ரெம்பர் 1இல் மண்டைதீவில சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினது சந்தோசம்தான். ஆனால் மைதானம் எழும்பினாலும் பள்ளிக்கூடத்துக்கும் அந்த மைதானத்துக்கும் நடுவில இருக்கிற ரெண்டு மூண்டு வருசத்தை அது நிரப்பாது.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வழி இருக்கு. வருசா வருசம் பெருஞ்சமர்களுக்கு வெளிநாட்டில இருந்தும் பழைய மாணவரிட்ட காசு வருது. பந்தல், பாண்ட், ரீசேட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. அதில ஒரு பங்கை ஒதுக்கி, பள்ளிக்கூடம் முடிச்ச ரெண்டு பேருக்கு ரெண்டு வருச அறை வாடகையும் பயணச் செலவும் குடுக்கலாம். நிபந்தனை ஒண்டும் வைக்கக்கூடாது. தேசிய அணிக்கு வந்தால்தான் காசு எண்டால் அது திரும்பவும் போஸ்டர் அடிக்கிற கதைதான்.

காசில்லாத எங்களைப் போல கம்பஸ் பெடியளுக்கும் வேலை இருக்கு. பெருஞ்சமர் முடிஞ்ச பிறகு நடக்கிற கழக ஆட்டங்களுக்கு வேலியோரத்தில பத்துப் பேர்கூட நிக்கிறதில்லை. அங்க போய் நிப்பம். பன்னிரண்டாவது ஆளாத் தண்ணிப் போத்தல் கொண்டு ஓடுறவன்ர பெயரையும் கேட்டு வைச்சுக்கொள்ளுவம்.