99 சென்ட்டுக்கு ஒரு நாவல்

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாவல் எழுதிய நண்பன் ஒருத்தன், அதை இப்போது கிண்டிலில் போடப் போகிறான். ரெண்டு வருஷ உழைப்பு. அமெரிக்கத் தமிழர்கள் வாங்க விலை 99 சென்ட். "பேர் தெரியாதவன் புக்கை எவன்டா மூணு டாலர் குடுத்து வாங்குவான்? இன்னொரு காப்பிக்கு எனக்கென்ன செலவு?" என்கிறான்.

மார்ஜினல் காஸ்ட் பாடத்தை மட்டும் கவனித்திருக்கிறான் பாவி. அந்த ரெண்டு வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கணக்கைப் பாருங்கள் மக்களே. 2010-ல் அமேசான் கொண்டுவந்த முறைப்படி, 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் எழுத்தாளருக்கு 70 சதவீதம். அதற்குக் கீழே போனால் 35 தான். 99 சென்ட் புத்தகத்தில் கைக்கு வருவது சுமார் 35 சென்ட். 2.99-ல், கோப்பு அனுப்பும் கட்டணம் ஒரு எம்.பி.க்கு 15 சென்ட் கழித்தாலும் ரெண்டு டாலர் பக்கம் நிற்கும். விலை மூணு மடங்கு, வரவு கிட்டத்தட்ட ஆறு மடங்கு! நூறு பேர் வாங்கும் இடத்தில் அறுநூறு பேரைப் பிடித்தாக வேண்டும். (நம்மூர் கடையில் 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்டில் சேரணும். சேர்ந்தால் 90 நாள் வேறெங்கும் மின்நூலாக விற்கக் கூடாது. அது தனிப் புலம்பல்.)

உடனே அமாண்டா ஹாக்கிங் பெயரை எடுத்தான். 2010-ல் சொந்தமாக மின்நூல் போட ஆரம்பித்து, அடுத்த வருஷமே பதிப்பகத்திடம் 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் வாங்கியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் 99 சென்ட் வைத்தது தொடரின் முதல் புத்தகத்துக்கு. அடுத்தடுத்த பாகங்கள் 2.99. ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடிக் கூடை வைப்பது உள்ளே இழுக்கத்தானே? இவனுக்கு உள்ளே கடையே இல்லை, ஒரே நாவல் :-)

என்னைக் கேட்டால் வாங்க வருபவரைத் துரத்துவது விலையே இல்லை. கிண்டிலில் சுமார் முதல் 10 சதவீதத்தை இலவச மாதிரியாகப் படிக்கலாம். இவன் புத்தகத்தில் அந்த இடம் முழுக்க என்ன இருக்கிறது? சமர்ப்பணம், வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை, அப்புறம் நன்றிப் பட்டியல். கதாநாயகி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மாதிரி முடிந்துவிடுகிறது. காகிதப் புத்தகமென்றால் புரட்டிவிட்டுப் போகலாம், இங்கே அது முடியாது. அத்தனையையும் பின்னால் தள்ளு, ஒற்றுப்பிழைகளை யாரிடமாவது கொடுத்துத் திருத்து, அப்புறம் தைரியமாக 2.99 வை என்றேன்.

நேற்று ராத்திரி ஃபோன் பண்ணினான். விலைக்குச் சம்மதமாம். நன்றிப் பட்டியலும் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டதாம். அணிந்துரையை மட்டும் நகர்த்த முடியாது என்கிறான். எழுதியவர் எங்கள் ஹெச்.ஓ.டி. இன்டர்னல் மார்க் இன்னும் போடவில்லை.