முதல் ஊதியமும் முதல் தவணையும்

செவிலியர் படிப்புக்கான கல்விக் கடன் விண்ணப்பங்களை ஆண்டுதோறும் பரிசீலிக்கிறோம். கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, கட்டணம் எவ்வளவு, பெற்றோரின் வருமானம் என்ன என்றெல்லாம் கேட்கிறோம். படித்து முடித்த மகள் முதல் வேலையில் என்ன ஊதியம் பெறுவார் என்பதை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி விடுபட்டதன் விளைவை, ஐந்தாண்டுகள் கழித்து அதே மேசையின் முன் காண்கிறோம்.

கணக்கு எளியது. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு, ஆண்டுத் தொடக்கந்தோறும் 1 லட்சம் ரூபாய் வீதம் 4 லட்சம் கடன். வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி உண்டு. தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் அது 1.40 லட்சம் ஆகிவிடும். இந்த 5.40 லட்சத்தை ஐந்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 11,500 ரூபாய் வேண்டும். பதினைந்து ஆண்டுகள் என்றால் 5,800 போதும்.

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தை ஆராயக் குழு அமைக்குமாறு 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது. ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையிலும் ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டளவில் நின்றுவிட்ட இடங்கள் இன்றும் உண்டு. அது முழுமையாகக் கிடைத்தாலும், 11,500 போக எஞ்சுவதில் விடுதி வாடகையும் உணவும் அடங்க வேண்டும். வீட்டுக்கும் ஏதேனும் அனுப்ப வேண்டும்.

இந்த நெருக்கடியில்தான் தவறான முடிவுகள் பிறக்கின்றன. அசல் சான்றிதழ்களை ஒப்படைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும், வெளிநாட்டு வேலைக்கென முகவரிடம் வெளிக்கடன் வாங்கிக் கொடுப்பதும் இப்படித்தான் நேர்கின்றன. முதல் இரண்டாண்டுகள் பொருள் ஈட்டுவதைவிடத் தொழில் கற்பதற்கு உரியவை என்பது எங்கள் கருத்து. தீவிர சிகிச்சைப் பிரிவிலோ அறுவை அரங்கிலோ பெறும் பயிற்சியே பின்னாளில் ஊதியத்தை உயர்த்தும். வெளிநாட்டு மருத்துவமனைகளும் பெரும்பாலும் அத்தகைய அனுபவத்தையே கேட்கின்றன. வேலையைத் தேர்ந்தெடுப்பது செவிலியராக இருக்கட்டும்; அவருடைய கடன் அன்று.

காலம் நீண்டால் வட்டி மிகுமே என்று பெற்றோர் கேட்பர். உண்மைதான். பதினைந்து ஆண்டுகளும் தவணை கட்டினால் வட்டி மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் ஆகும். ஐந்தாண்டுகளில் முடித்தால் ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கும். ஆனால் நீண்ட காலத்தைத் தேர்ந்துகொண்டு, ஊதியம் உயர உயரக் கூடுதலாகச் செலுத்தி முன்கூட்டியே முடிக்கலாம். அதற்குத் தண்டக் கட்டணம் இல்லை. இயன்றவர்கள் படிப்புக் காலத்திலேயே வட்டியைக் கட்டிவரலாம். முதலாண்டில் அது மாதம் 833 ரூபாய்தான். கடைசி வரை கட்டினால், வேலைக்குச் செல்லும்போது கடன் 4 லட்சமாகவே நிற்கும்.

தவணை தவறிய பின் வருவோரே மிகுதி. அதற்குள் கடன் வரலாற்றில் கறை படிந்துவிடுகிறது. இணைக் கடனாளியான பெற்றோரையும் அது பாதிக்கிறது. ஆகவே இறுதியாண்டிலேயே மகளுடன் கிளைக்கு வாருங்கள். எதிர்பார்க்கும் ஊதியத்தைச் சொல்லி, அதற்கேற்பத் தவணையை வகுத்துக் கேளுங்கள். கடன் வழங்கும் நாளிலேயே அந்தக் கேள்வியைக் கேட்பது எங்கள் கடமை.