படிப்பவர் மூலத்தைத் திருத்துவாரா?

"எம்ஆர்என்ஏ தடுப்பூசி உயிரணுவுக்குள் மரபுக் கட்டளையைச் செலுத்துகிறது, ஆகவே மரபணுவையே மாற்றிவிடும்" என்பது வாதம். முதல் பாதி சரி. பிழை 'ஆகவே'யில் இருக்கிறது.

1. டிஎன்ஏ இருப்பது உட்கருவில். அதன் படியான எம்ஆர்என்ஏ வெளியே வந்த பிறகே ரைபோசோம் புரதத்தைக் கட்டுகிறது. தடுப்பூசியின் எம்ஆர்என்ஏ வேலை செய்வதும் அந்த வெளிப்பகுதியில்தான். உட்கருவுக்குள் அதற்கு என்ன வேலை?

2. ரைபோசோம் மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஏயுஜி என்றால் தொடக்கம், மெத்தியோனின். யுஏஏ என்றால் நிறுத்தம். படிப்பதோடு சரி, திருப்பி எழுதுவதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்கே.

3. ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கத் தனி நொதி வேண்டும். எச்ஐவி அதைச் சுமந்தே வருகிறது. தடுப்பூசியில் அது இல்லை. செலுத்திய எம்ஆர்என்ஏவும் விரைவில் சிதைந்துவிடும்.

4. மரபணு உண்மையில் மாற்றப்பட்ட இடம் வேறு. ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் உருவாகி, ஹைதராபாத்தில் தயாரான கோர்பெவாக்ஸ் என்ற வேறு வகைக் கொரோனா தடுப்பூசிக்கு இந்தியா 2021 டிசம்பரில் அனுமதி தந்தது. அதற்காக ஈஸ்டுக்குள் வைரஸ் மரபணுவை டிஎன்ஏவாகவே புகுத்தினார்கள். மாறியது ஈஸ்ட். ஊசியில் வருவது ஈஸ்ட் கட்டிய புரதம். மரபுக் கட்டளை அல்ல.