துடைப்பம் என்று ஓர் ஊர்

வசோராஸ் என்றால் போர்த்துகீசிய மொழியில் துடைப்பங்கள் என்று அர்த்தம். துடைப்பம் கட்டுகிற ஒருவகைச் செடி அந்தப் பக்கம் மண்டிக் கிடந்ததால வந்த பேரு. பிரேசிலில், ரியோ டி ஜெனீரோவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, பரைபா ஆற்றுப் பள்ளத்தாக்கு மலைகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர். 34 ஆயிரம் பேர் அளவு ஜனத்தொகை. ஆனால் சுற்றுலா வியாபாரி இந்தப் பேரைச் சொல்லி ஊரை விற்பதில்லை. 'பிரபுக்களின் நகரம்' என்று சொல்லித்தான் விற்கிறான். துடைப்பம் பிடித்த கையை மறைத்துவிட்டு, கூட்டின முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவனை மட்டும் காட்டுகிற பேரு அது.

நம் தோழர்களில் பிரேசிலுக்குப் போய்வந்தவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. 2001-இல் போர்த்தோ அலெக்ரேயில் உலக சமூக மன்றம் தொடங்கியதிலிருந்து போய்க்கொண்டு இருக்கிறார்கள். இப்போது படிக்கவும் போகிறார்கள். திரும்பி வந்து என்னா சொல்றாங்க? கடற்கரை, கால்பந்து, கார்னிவல். கொஞ்சம் விவரமானவங்க, "அங்கே கறுப்பு வெள்ளை எல்லாம் கலந்துபோச்சு, நம்ம ஊரு மாதிரி இல்ல" என்கிறார்கள். கிராமப்புறம் பக்கம் போய்வந்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே உருகுகிறார்கள். அமைதி, பச்சை மலை, கல் பாவிய தெரு, முன்பின் தெரியாதவனுக்கும் வணக்கம் சொல்கிற சனங்கள். இதெல்லாம் பொய்யில்லை. வசோராசில் எனக்கும் வணக்கம் சொன்னார்கள். எடைபோட்டு விற்கிற சாப்பாட்டுக் கடையில் சோறும் கறுப்பு பீன்ஸ் குழம்பும் வறுத்த மரவள்ளி மாவும் தட்டு நிறைய வாங்கித் தின்றேன், ருசியாகவே இருந்தது. பிரச்சினை அங்கே இல்லை. ஓர் ஊரை 'அழகான பழைய ஊர்' என்று நாம் சொல்லும்போது யாருடைய கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு சொல்கிறோம் என்பதுதான் கேள்வி.

ரியோவில் பேருந்து ஏறுகிற நிலையம் பழைய துறைமுகப் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வலோங்கோ படித்துறை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த சுமார் 9 லட்சம் பேர் அங்கே இறக்கப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். மேலே தெரு போட்டு மூடிவிட்டார்கள். 2011-இல் தோண்டும்போது கல் படிகள் வெளியே வந்தன. 2017-இல் யுனெஸ்கோ பாரம்பரிய இடமாக்கியது. வசோராஸ் மலைகளில் காப்பி நட்ட கைகளில் பெரும்பகுதி இந்தப் பக்கத்துக் கரையில் இறங்கி நடந்து வந்த கைகள்தான். பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போகிற பாதையை அவர்கள் எப்படிக் கடந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே மலை ஏறலாம். இன்னொன்றும் யோசிக்கலாம். 1831-லேயே பிரேசில் சட்டம் போட்டு ஆள் இறக்குமதியைத் தடை பண்ணிவிட்டது. அதற்கப்புறமும் 1850 வரைக்கும் 7 லட்சத்துக்கு மேல் ஆட்களைத் திருட்டுத்தனமாக இறக்கினார்கள். அதாவது இந்தப் பள்ளத்தாக்கின் பிரபுக்கள் பலபேர், அவர்களே எழுதிக்கொண்ட சட்டப்படி, ஆள் கடத்தல்காரர்கள். நம்ம ஊரில் வன்கொடுமைச் சட்டம் படுகிற பாட்டைப் பார்த்தவனுக்கு இது ஆச்சரியமில்லை.

ஊர் நடுவில் பெரிய சதுக்கம். நெடுநெடுவென்று பனைவகை மரங்கள், மேட்டில் மாதா கோயில், சுற்றி மாளிகைகள். 1958-இல் இந்தப் பகுதியை அரசு பாரம்பரியச் சொத்தாக்கிவிட்டது, ஓட்டைக்கூட மாற்ற முடியாது. கொஞ்சம் தள்ளி, கொடி படர்ந்த ஒரு வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. தெய்ஷேய்ரா லெய்த்தி குடும்பத்தின் வீடு. பியானோ, பட்டு, பாரீசில் தைத்த கவுன்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் குடும்பம் காப்பிப் பண்ணையார்களுக்குக் கடன் கொடுத்த குடும்பம். அந்தக் காலத்தில் பண்ணையார் கடன் வாங்க எதை ஈடு வைப்பான்? நிலம் இந்தப் பக்கம் சீக்கிரம் செத்துப்போகும். அடிமைகளைத்தான் ஈடு வைப்பான். அந்த மனிதர்களின் உடம்பு மேலே வட்டி ஏறியது. கவுனுக்குக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, ஈடாக வைக்கப்பட்ட உடம்புக்கு இல்லை.

பச்சை மலைக்கு வருவோம். எல்லாரும் படம் எடுக்கிற மலை. அது ஒருகாலத்தில் அடர்ந்த காடு. எரித்துவிட்டுக் காப்பி நட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே நட்டிருந்தால் மண் தங்கியிருக்கும். அப்படி நடவில்லை. உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் நேர்கோடாக நட்டார்கள். ஏன்? கீழே நிற்கிற கங்காணிக்கு ஒவ்வொரு வரிசையிலும் யார் குனிந்திருக்கிறார், யார் நிமிர்ந்துவிட்டார் என்று தெரியணும். ஆளைக் கண்காணிக்கிறதுக்காக மலையையே கோடு கிழித்தான். மழை அந்தக் கோடு வழியாகவே இறங்கி மேல்மண்ணை அடித்துக்கொண்டு போனது. முப்பது நாற்பது வருசத்தில் மலை மொட்டை. காப்பி சாவோ பாவ்லோ பக்கம் நகர்ந்தது, இங்கே மாடு மேய்ந்தது. இன்றைக்கு நாம் பார்த்து 'ஆகா' என்கிற புல்வெளி அந்த மொட்டைதான். இயற்கை எழில் என்று பயணநூலில் அச்சடிப்பவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இந்த ஊரில் கட்டாயம் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. பேருந்தில் வருகிற கூட்டம் அங்கே அதிகம் நிற்பதில்லை. மனுவெல் கோங்கோ நினைவிடம். 1838 நவம்பரில், அப்போது வசோராசைச் சேர்ந்த பாத்தி தோ அல்ஃபெரெஸ் பகுதிப் பண்ணை ஒன்றில் செருப்பு தைக்கிறவரான காமிலோ என்ற அடிமையைக் கங்காணி கொன்றான். அதையொட்டி 200-க்கும் மேற்பட்டவர்கள் கருவிகளையும் தானியத்தையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். முன்னால் நின்றவர் கொல்லர் மனுவெல் கோங்கோ. பக்கத்தில் மரியானா கிரியோலா, பண்ணையார் மனைவிக்குத் தையல்காரியாக இருந்தவர். ராஜா, ராணி என்று தங்கள் ஆட்கள் இவர்களை அழைத்ததாக வழக்குப் பதிவில் இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் தேசியக் காவற்படை சுற்றி வளைத்தது. படைக்குத் தலைமை வகித்த வெர்னெக் என்பவன் வேறு யாருமில்லை, அவனும் அங்கத்துப் பண்ணையார்தான். 16 பேர் மேல் வழக்கு. ஏழு பேருக்குத் தலைக்கு 650 கசையடி, ஒரு நாளைக்கு 50 என்று பிரித்துப் பிரித்து. அதுபோக மூன்று வருசம் கழுத்தில் இரும்பு வளையம். தூக்கு ஒருத்தருக்குத்தான். மனுவெல் கோங்கோவை 1839 செப்டம்பர் 6 அன்று வசோராசில் தூக்கிலிட்டார்கள். எல்லாரையும் ஏன் தூக்கில் போடவில்லை? கருணையா? அடிமை என்பது முதல். முதலை யாராவது அழிப்பானா?

வெர்னெக் பிறகு பிரபுப் பட்டம் வாங்கினான். 1847-இல் தன் மகனுக்காக, பண்ணை நிறுவுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதி அச்சிட்டான். அடிமைகளுக்குத் துண்டு நிலம் விட்டுவைத்தால் அவர்கள் மண்ணோடு ஒட்டிக்கொள்வார்கள், கலகம் பண்ணமாட்டார்கள் என்று அதில் யோசனை சொல்கிறான். காட்டுக்குள் துரத்திக்கொண்டு ஓடியவன் கற்றுக்கொண்ட பாடம்.

இப்போது பண்ணை வீடுகளுக்கு. சுற்றுவட்டாரத்தில் பல பண்ணைகள் விடுதியாகவும், பார்வையாளர் கூடமாகவும் ஆகிவிட்டன. பெரிய வீடு அப்படியே நிற்கும், கட்டில் அலமாரியோடு. செனஸாலா எங்கே என்று கேளுங்கள். அடிமைகளை அடைத்துவைத்த கொட்டடிக்கு அங்கே அதுதான் பேரு. பெரும்பாலும் இடிந்துபோயிருக்கும், அல்லது ஒரு மூலையில் கைவிலங்கு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள், அலங்காரப் பொருள் மாதிரி. 2016 டிசம்பரில் ஒரு செய்தி ஏடு அம்பலப்படுத்தியது: வசோராசில் ஒரு பண்ணையில், கறுப்பினத்தவருக்கு அடிமை வேசம் போட்டு, வருகிற விருந்தாளிகளுக்குப் பரிமாற விட்டிருந்தார்கள். வீட்டம்மா அந்தக்காலத்து நீளப் பாவாடையில். விருந்தாளி ஒரு மத்தியானத்துக்கு ஆண்டையாக இருந்து பார்க்கலாம். எதிர்ப்புக் கிளம்பி, 2017-இல் அரசுத் தரப்பு வழக்குரைஞர் அலுவலகம் தலையிட்டு ஒப்பந்தம் போட்டது. வேசம் நிறுத்தப்பட வேண்டும், அங்கே வாழ்ந்த அடிமைகளின் பெயர்களைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

இது ஒரு பண்ணையின் திமிர் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காசு கொடுத்து உட்கார்ந்த விருந்தாளிகள் இல்லாமல் அந்த நாடகம் நடந்திருக்குமா? சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டவர்கள், பள்ளிக்கூடம் போனவர்கள், பத்திரிகை படிக்கிறவர்கள். 'ஊர் பார்க்க வந்த இடத்தில் அரசியல் எதுக்கு' என்று கேட்கிற அதே வகை ஆட்கள்.

நமக்கும் இதில் நேரான சம்பந்தம் உண்டு. வசோராஸ் காப்பியால் கொழுத்த அதே வருசங்களில் இலங்கையின் கண்டி மலைகளில் காப்பி போட்டவன் வெள்ளைக்காரன். அதற்குக் கூலிகளாக மன்னார்க் காட்டு வழியே நடத்திக்கொண்டு போகப்பட்டவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளர், பறையர், சக்கிலியர் நிறையப்பேர். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அடிமை என்ற சட்டப் பேரு மட்டும் இல்லை. 1869-இல் இலைநோய் வந்து அங்கே காப்பி அழிந்து தேயிலை வந்தது. இன்றைக்கு நுவரெலியாவில் துரைமார் பங்களாவில் ராத்தங்கப் பணம் கட்டிப் போகிற தமிழர்கள் இருக்கிறார்கள். பங்களா புல்வெளியில் நின்று படம் எடுக்கும்போது கீழே லயன் வரிசை தெரிகிறது. சட்டகத்தில் அது விழாதபடி கொஞ்சம் திரும்பி நிற்கிறார்கள். வசோராஸ் விருந்தாளியை ஏச நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

கலந்துபோச்சு என்கிற கதைக்கும் பதில் சொல்லணும். கில்பெர்த்தோ ஃப்ரெய்ரே 1933-இல் எழுதிய 'பெரிய வீடும் அடிமைக் கொட்டடியும்' என்ற நூலிலிருந்து வளர்ந்த கதை அது. ஆண்டைகள் கொட்டடிப் பெண்கள்மேல் கைவைத்ததையே கலப்பின் அடித்தளமாக்கி, அதைச் சமத்துவம் மாதிரி சொல்லத் தொடங்கினார்கள். நிறம் கலந்தால் நிலம் கலந்துவிடுமா? 1850-இல் நிலச்சட்டம் போட்டார்கள், இனி அரசு நிலத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கலாம் என்று. 1888 மே 13-இல் இளவரசி கையெழுத்துப் போட்டு அடிமை முறை ஒழிந்தது. விடுதலையானவர்கள் கையில் காசில்லை. எப்படி வாங்குவார்கள்? காணி நிலம் கொடுக்கவில்லை. 1881 தேர்தல் சட்டம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வாக்கைப் பறித்திருந்தது, அது 1985-இல்தான் திரும்பக் கிடைத்தது. 1890-இல் ரூயி பார்போசா என்ற அமைச்சர் அடிமைப் பதிவேடுகளை எரிக்க உத்தரவிட்டார். ஆண்டைகள் நட்டஈடு கேட்டு வரக்கூடாது என்பதற்காக. நல்ல எண்ணம்தான் என்று வாதாடுகிறார்கள். கணக்கு எரிந்ததில் யாருக்குக் கூலி பாக்கி என்பதும் சேர்ந்து எரிந்தது.

ஆனால் எரியாத ஆவணம் ஒன்று இருந்தது. பாட்டு. ஜோங்கோ என்பது இந்தக் காப்பி மலைகளின் அடிமைகள் முரசு அடித்து, வட்டமாக நின்று ஆடிப் பாடியது. எல்லாம் விடுகதை மொழி. ஆண்டை வருகிறான், கவனம் என்பதைக்கூட அவன் காதுபடவே மாடு, மரம் என்று பாடிச் சொல்லிவிடுவார்கள். ஸ்டான்லி ஸ்டைன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1949-இல் வசோராசில் கிழவர்களின் ஜோங்கோவைக் கம்பிச்சுருள் கருவியில் பதிவு பண்ணினார். அந்த ஒலி ஐம்பது வருசத்துக்கு மேல் கிடப்பில் கிடந்து 2007-இல்தான் வெளியானது. 2005-இல் அரசு ஜோங்கோவைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருந்தது.

பாட்டுக்குப் பட்டா எளிது, நிலத்துக்குத்தான் கஷ்டம். தப்பியோடிய, விடுபட்ட கறுப்பின மக்கள் அமைத்த குடியிருப்புகளுக்குக் கிலோம்போ என்று பேரு. 1988 அரசியல் சட்டம் அவர்கள் வாழும் நிலம் அவர்களுக்கே என்றது. 2003-இல் அதற்கு ஆணை போட்டார்கள். அதையும் எதிர்த்து வழக்கு. 2018-இல்தான் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது. 2022 கணக்கெடுப்பில் முதல் தடவையாகக் கிலோம்போ மக்களைத் தனியாக எண்ணினார்கள். 13 லட்சத்துக்கும் மேல். அதில் பட்டா கிடைத்த இடத்தில் வாழ்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

வசோராசுக்குப் பக்கத்து வட்டம் வலென்சா. அங்கே சாவோ ஜோசே தா செர்ரா என்கிற கிலோம்போ மலைமேல் இருக்கிறது. பிரேசில் போகிற தோழர்கள் மே மாதம் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். மே 13-ஐ ஒட்டி அங்கே பெரிய நெருப்பு மூட்டி, விடியவிடிய ஜோங்கோ ஆடுவது வழக்கம். சாப்பாட்டை அவங்களே ஆக்குகிறார்கள். பண்ணை விடுதிக்குக் கொடுக்கிற காசை அங்கே கொடுங்கள். முரசைத் தொடுமுன் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.