ஸ்மால் ஃபீல்டைக் கட்டிக்கொண்டு இன்னும் எத்தனை நாள் அழுவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே, இது ஃபைனைட் எலிமெண்ட் படிக்கிறவர்களுக்கான புலம்பல். மற்றவர்களும் தாராளமாகப் படிக்கலாம். விஷயம் என்னவோ பள்ளிக்கூடத்துத் தசமக் கணக்குதான் :)

நாஸ்ட்ரான் 1960களில் நாசாவுக்காக எழுதப்பட்ட மென்பொருள். அந்தக் காலத்தில் இன்புட் என்றால் பஞ்ச் கார்டு. ஒரு அட்டையில் 80 எழுத்து. அதை 10 கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு 8 எழுத்து என்று வைத்தார்கள். அதுதான் ஸ்மால் ஃபீல்டு. அட்டைகள் மியூசியத்துக்குப் போய்விட்டன. 8 எழுத்து மட்டும் நம்மை விடவில்லை. சீனியர் கொடுத்த ஃபைலில் அப்படித்தான் இருந்தது, ஆகவே நாமும் அப்படியே!

எங்கள் ப்ராஜெக்ட் கதையைக் கேளுங்கள். ஒரு ரயில் பெட்டியின் பிராக்கெட். இரண்டு சாய்வான முகங்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டி உட்கார வேண்டும். அசெம்பிளியின் ஆதிப்புள்ளி எங்கோ தூரத்தில். அதனால் எக்ஸ் ஆயம் எல்லாம் -12345.6 மில்லிமீட்டர் ரகம். எண்ணிப் பாருங்கள்: கழித்தல் குறி, ஐந்து இலக்கம், புள்ளி, ஓர் இலக்கம். எட்டு முடிந்தது. தசமத்துக்குப் பின் ஒரே ஓர் இலக்கம். அதாவது ஒவ்வொரு நோடும் 0.05 மிமீ வரை நகர்ந்துவிடலாம்.

"0.05 தானே மச்சி" என்றான் என் டீம் நண்பன். சரி, கணக்குப் போடுவோம். முகம் 45 டிகிரி சாய்வு என்றால் செங்குத்துத் திசையில் பிழை சுமார் 0.035 மிமீ. எலிமெண்ட் அளவு 5 மிமீ. மென்பொருள் இதை இறுக்கப் பொருத்தமாக எடுத்துக்கொண்டால் ஸ்ட்ரெயின் 0.007. எஃகின் 2,10,000 எம்பிஏ-வால் பெருக்கினால் 1470 எம்பிஏ! தோராயக் கணக்குதான். ஆனால் லோடு வைப்பதற்கு முன்பே ஈல்டைத் தாண்டிவிட்டது. எங்கள் காண்டாக்ட் படம் அம்மை போட்ட முகம் மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. மெஷ் சரியில்லை, உராய்வு சரியில்லை என்று பத்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். குற்றவாளி ஃபார்மேட்.

"அப்போ கமா போட்டு ஃப்ரீ ஃபீல்டில் எழுதிவிடலாமே" என்பவர்களுக்கு: நானும் அந்தக் குழியில் விழுந்தவன்தான். எம்எஸ்சி நாஸ்ட்ரானில் வெறும் கமா போட்டால் கட்டங்களை எண்ணும் தொல்லைதான் போகும். எட்டு எழுத்துக்கு மேல் போகும் தசம எண்ணை அது சுருக்கித்தான் எடுத்துக்கொள்ளும். துல்லியம் வேண்டும் என்றால் பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி வேண்டும். 'கிரிட்' அல்ல, 'கிரிட்*'. கட்டத்துக்கு 16 எழுத்து. நம் -12345-க்குப் பின் ஒன்பது தசம இலக்கம் கிடைக்கும். ஒரு நட்சத்திரத்தில் இருக்கிறது நம் மானம்.

எதிர்க்கட்சி வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

ஒன்று, ஃபைல் பெருத்துவிடும். உண்மைதான், ஒரு நோடுக்கு இரண்டு வரி. 10 லட்சம் நோடு, நோடுக்கு 100 எழுத்து என்றால் 100 எம்பி. ரிசல்ட் ஃபைலை ஜிபி கணக்கில் சேமிக்கிற நமக்கு இது ஒரு பாரமா? தவிர, எல்லா அட்டையையும் மாற்றச் சொல்லவில்லை. எலிமெண்ட் அட்டைகளில் இருப்பது பெரும்பாலும் முழு எண்கள், அவை ஸ்மால் ஃபீல்டிலேயே இருக்கட்டும். ஒரே ஃபைலில் இரண்டையும் கலக்கலாம்.

இரண்டு, கண்ணால் படிக்க ஸ்மால் ஃபீல்டுதான் வசதி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழகாக வரிசை கட்டி நிற்கும் தப்பான எண்ணைப் படித்து என்ன பயன்?

மூன்று, ஆதிப்புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மாடலுக்கு வித்தியாசம் தெரியாது. சரி. ஆனால் அதே மாடலை நாளை யாராவது பெரிய அசெம்பிளிக்குள் நகர்த்தி எக்ஸ்போர்ட் செய்வார்கள். அப்போது ஒரு எச்சரிக்கையும் வராது. எரர் கொடுத்து நிற்கிற ப்ரோக்ராம் நல்லவன். சத்தமில்லாமல் ரவுண்டு செய்துவிட்டு ஓடுகிறவன்தான் ஆபத்து.

ஆகவே ப்ராஜெக்ட் செய்யும் தோழர்களே, எக்ஸ்போர்ட் பட்டனை அமுக்கும் முன் ஒரு நிமிடம் ஃபார்மேட் ஆப்ஷனைத் திறந்து பாருங்கள். வைவாவில் "இந்த ஸ்ட்ரெஸ் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், "பஞ்ச் கார்டிலிருந்து சார்" என்று சொல்ல முடியாது.